ஆக்லாந்து பக்கத்து ஊராக இருந்த வருஷம்

திருச்சி விமான நிலையத்துக்கும் ஆக்லாந்து விமான நிலையத்துக்கும் நடுவே கிடந்த தூரம், ஓர் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில் இல்லாமல் போனது. அன்றுதான் மாத்திராம்பட்டி மேலத்தெருவில் பரிமளாவின் வீட்டுக்காரர் தனசேகர் விடுப்பு முடிந்து நியூசிலாந்துக்குத் திரும்பினார். அவரை வேனில் ஏற்றிவிட்டு உள்ளே வந்த பரிமளா, அவர் குடித்துவிட்டு வைத்த காபி டம்ளரைக் கழுவ மனம் வராமல் மடியில் வைத்துக்கொண்டு கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு பகலும் ஓர் இரவும் போக வேண்டும், சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வரும், அப்புறம் ஆக்லாந்திலிருந்து ஒரு போன் வரும், அதுவரைக்கும் எழுந்திருக்க வேண்டாம் என்று அவள் நினைத்திருந்தபோதே போன் அடித்தது.

“வந்து சேந்துட்டேன்” என்றார் தனசேகர்.

“எங்க, ஏர்போர்ட்டுக்கா?”

“ஆக்லாந்துக்கு. பெல்ட்ட மாட்டுன்னாங்க, மாட்டினேன். கழட்டுன்னாங்க, கழட்டினேன். வெளிய பாத்தா இங்க மழை பேஞ்சுக்கிட்டு இருக்கு.”

பரிமளா மடியைப் பார்த்தாள். டம்ளரின் அடியில் நின்ற காபி இன்னும் காயவில்லை.

“சரி. அப்ப நாளைக்கு வேலைய முடிச்சுட்டு சாப்பாட்டுக்கு வந்துருங்க. மொச்சக்கொட்டக் கொழம்பு வைக்கிறேன்” என்றாள்.

ஊர் அந்த அதிசயத்தை எடுத்துக்கொண்ட விதம் அவ்வளவுதான். ஏன் இப்படி ஆயிற்று என்று விமானக் கம்பெனிக்காரர்கள் குடைந்து பார்த்தார்கள், டெல்லியிலிருந்து வந்த சிலர் ஓடுபாதையின் இரண்டு முனையிலும் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு தெற்கே பார்த்தார்கள், கடலைத் தேடினார்கள், காணவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். மாத்திராம்பட்டியில் மட்டும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தூரம் இருந்த காலத்தில்தான் அவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளை அங்கே கிவிப்பழத் தோட்டத்திலும் முதியோர் இல்லத்திலும் ஓட்டல் அடுப்படியிலும் கிடக்க, இங்கே கல்யாணத்தில் மாமன் இல்லாமலும் சாவில் மகன் இல்லாமலும் இருந்த அத்தனை வருஷமும், உலகத்தை ஏன் இவ்வளவு பெரிசாகப் படைத்தாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது அது சின்னதாகிவிட்டது. இனி கேட்க என்ன இருக்கிறது?

தூரம்தான் போனதே தவிர நேரம் போகவில்லை. இங்கே காலை என்றால் அங்கே மாலை, இங்கே ஆடிக் காற்று என்றால் அங்கே கடுங்குளிர் என்பது அப்படியே இருந்தது. அதனால் அங்கே பொழுது சாய வேலை முடித்த ஆண்கள், கம்பளிச் சட்டையும் சிவந்த மூக்குமாக இங்கே வெயில் ஏறும் நேரத்தில் வந்து இறங்கினார்கள், சுடச்சுடச் சாப்பிட்டார்கள், பாயைப் போட்டுப் படுத்தார்கள். அவர்கள் தூங்குவதற்காக ஊர் பகலில் குரலைத் தாழ்த்திக்கொண்டது. மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி மத்தியானத்தில் வாயை மூடிக்கொண்டது, மாவு மில் சாயங்காலத்துக்கு மாறியது, காய்கறி வண்டிக்காரர் கத்தரிக்காய் என்று கூவுவதை விட்டுவிட்டு வாசல் வாசலாக நின்று கத்தரிக்காய் என்று காதோடு சொல்லிப் போனார். பள்ளிக்கூடம் பிள்ளைகளை வெள்ளென விட்டது. ஆக்லாந்தில் மண் ஒட்டிய செருப்போடு இறங்கவிட மாட்டார்கள் என்பதால், வேன் நிற்கும் இடத்தில் ஊராட்சி ஒரு குழாய் போட்டுக் கொடுத்தது. புருஷன்மார் கிளம்பும்போது பெண்டாட்டிமார் அவர்களுடைய செருப்பைக் கழுவிக் கொடுத்து அனுப்புவது நாளடைவில் ஒரு சடங்கு போலவே ஆகிவிட்டது. பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகப் படம் ஒட்டிய அட்டை ஒன்று எல்லோருக்கும் கொடுத்தார்கள். அதைக் காட்டிவிட்டு, ரசப் பாத்திரம் தளும்பாமல் பெண்கள் போய் வந்தார்கள். முதல் மாதத்திலேயே பரிமளாவுக்குச் சலித்தும் விட்டது.

“தெனமும் வந்து உக்காந்துக்கிட்டு உப்பு இல்ல, ஒறப்பு இல்லங்கறாரு. பத்து வருஷமா இவருக்காகவா அழுதேன்னு இருக்குடி” என்று அவள் தமயந்தியிடம் சொன்னாள்.

தமயந்தி சிரித்தாள். சிரித்து முடித்ததும், பரிமளா ஏதாவது கேட்பதற்கு முன்னால் உள்ளே அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

தமயந்தியின் வீட்டுக்காரர் அடைக்கலம் வரவில்லை.

அடைக்கலம் ஆக்லாந்தில் ஓர் இந்திய ஓட்டலில் தலைமைச் சமையற்காரர். போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. நடுவில் இரண்டு தடவை வந்தார், கடைசியாக வந்தபோது மகள் இலக்கியா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். இப்போது பதினொன்றாம் வகுப்பு. மாதம் தவறாமல் பணம் அனுப்பினார், நாள் தவறாமல் போன் பேசினார், மேலத்தெருவில் புருஷன் என்றால் அடைக்கலம் மாதிரி இருக்க வேண்டும் என்று பெண்கள் தம் வீட்டு ஆண்களிடம் சொல்லிக் காட்டும்படி இருந்தார். தூரம் போன மறுநாளே தமயந்தி வீட்டைக் கழுவினாள், மெத்தையை வெயிலில் போட்டாள், கருவாட்டுக் குழம்பு வைத்தாள். சாயங்காலம் போன் வந்தது.

“இன்னிக்கு ஓட்டல்ல ஆள் இல்ல. அடுத்த வாரம் பாக்கறேன்.”

அடுத்த வாரம் முதலாளி விடவில்லை. அதற்கடுத்த வாரம் முழங்கால் வலி. அப்புறம் காரணம் சொல்வதை அவரும் விட்டார், கேட்பதை இவளும் விட்டாள். சாப்ட்டியா, சாப்ட்டேன், பாப்பா படிக்குதா, படிக்குது, சரி வைக்கவா, வைங்க. இதிலே கொடுமை என்னவென்றால், தோட்டத்துக்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் பகல் மட்டும்தான் வீட்டில் கிடைத்தது. ஓட்டலை மூடிவிட்டு வரும் சமையற்காரர்களுக்குத்தான் இங்கே சாயங்காலமும் இரவும் முழுசாகக் கிடைத்தது. ஊரில் இருந்த சமையற்காரர்கள் எல்லோரும் பெண்டாட்டி பிள்ளைகளோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தமயந்தியின் வாசலில் அவளுடைய நாற்காலி மட்டும் கிடந்தது. பிறகு அதையும் உள்ளே எடுத்துப் போட்டுவிட்டாள்.

தூரம் இருந்தவரைக்கும் எல்லா வீடும் ஒன்று போலத் தெரிந்தது. எல்லா வீட்டிலும் ஆள் இல்லை. தூரம் போனதும், வராத வீடு எது என்று தெருவுக்கே தெரிந்தது. தமயந்தி தலையைக் குனிந்துகொண்டு நடக்கப் பழகினாள். கடைக்குப் போகிறவள் ஒன்றுக்கு இரண்டாக வாங்கினாள். பீரோவில் பாச்சாவுருண்டை போட்டு வைத்திருந்த அடைக்கலத்தின் சட்டைகளை எடுத்துத் துவைத்துத் தெருவுக்குத் தெரியும்படி கொடியில் காயப்போட்டாள். காய்ந்ததும் எடுத்து, இரண்டு நாள் கழித்துத் திரும்பத் துவைத்தாள். உடுத்தாத சட்டையைத் துவைக்கும்போது தண்ணீரில் அழுக்கே இறங்காமல் தெளிவாக ஓடும். அதைப் பார்க்க அவளுக்குக் கூசும்.

ஒருநாள் பரிமளா கீரைக்கட்டோடு வந்து நின்று, “என்னடி, உங்க வீட்டுக்காரரையே கண்ணுல காங்கல?” என்று கேட்டபோது, தமயந்தியின் வாயிலிருந்து வந்துவிட்டது.

“வந்துட்டுத்தான் போறாருக்கா. நீங்கதான் சாயங்காலம் சீரியல் பாக்க உக்காந்துர்றீங்க.”

பரிமளா அவளைப் பார்த்தாள். பிறகு, “ஆமா ஆமா. நேத்து நானே பாத்தேன். எளைச்சுப் போயிட்டாரு” என்றாள்.

தமயந்தியின் காது மடல் எரிந்தது. தன் பொய்க்கு இவள் முட்டுக் கொடுக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள், சிரித்திருந்தால் கதவைச் சாத்தியிருப்பாள். இப்படி முகத்தை இயல்பாக வைத்துக்கொண்டு பாத்தேன் என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. அதோடு முடியவில்லை. மளிகைக் கடையில், “அண்ணன் நேத்து அந்தப் பக்கம் நடந்து போனாரே” என்றார்கள். வேன் ஓட்டும் சிங்காரம், “ஒங்க வீட்டுக்காரரு பேசவே மாட்டேங்கறாரும்மா, கம்முனு வந்து கம்முனு எறங்கிக்கறாரு” என்றான். ஊர் முழுக்கச் சேர்ந்து தனக்கு ஒரு புருஷனைச் செய்து கொடுக்கிறது என்று அவள் நினைத்தாள். ஆளாளுக்கு ஒரு கை, ஒரு கால், ஒரு நடை என்று கொண்டுவந்து ஒட்டுகிறார்கள், நானும் வெட்கமில்லாமல் தலையாட்டி வாங்கிக்கொள்கிறேன். ஒருநாள் தெருமுக்கில் டீக்கடை வைத்திருக்கும் ராவுத்தர், ஒரு பச்சைக் கம்பளிக் குல்லாவைக் கொடுத்துவிட்டிருந்தார். “அடைக்கலம் தம்பி பெஞ்சில மறந்துட்டுப் போயிட்டாருன்னு குடுக்கச் சொன்னாரு” என்று கொண்டுவந்தவர் சொன்னார். தமயந்தி அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கடையில் போய்க் குல்லாகூட வாங்கிவிட்டார்களா! எவ்வளவு பரிதாபப்பட்டால் இந்த வெயிலில் ஒருவர் குல்லா தேடிப் போவார்! அதை அவள் அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகினாள், செருகிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அந்த வாரத்தில்தான் இலக்கியா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

“அம்மா, அப்பா எப்பம்மா வந்தாரு?”

அவள் முகத்தைப் பார்க்காமல் தமயந்தி சொன்னாள். “நீ ட்யூஷன் போயிருந்தப்ப.”

“நம்ம வீட்டுக்கா?”

“பின்ன, எங்க வருவாரு?”

இலக்கியா கொடியில் காய்ந்த சட்டையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். “சரிம்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்தச் ‘சரிம்மா’வில் பரிமளாவின் குரல் இருந்தது. பெற்ற பிள்ளையும் முட்டுக் கொடுக்கத் தொடங்கிவிட்டாள் என்று தெரிந்ததும் தமயந்திக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. இனி ஒளிவதற்கு வீட்டுக்குள்ளும் இடம் இல்லை.

மறுநாள் காலை இலக்கியாவைப் பள்ளிக்கு அனுப்பும்போதே, “அப்பாவப் பாத்துட்டு வந்துர்றேன். மத்தியானத்துக்குச் சோறு வடிச்சு வச்சிருக்கேன்” என்றாள். இலக்கியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லாமல் போய்விட்டாள். தமயந்தி நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, குழாயில் செருப்பைக் கழுவிக்கொண்டு, வேனில் ஏறினாள். போகிற வழியெல்லாம் அவள் ஒரே கேள்வியைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். யாரு அவ? உரக்கக் கேட்பதா, மெதுவாகக் கேட்பதா, அவளையும் வைத்துக்கொண்டு கேட்பதா, தனியாகக் கூப்பிட்டுக் கேட்பதா? பெல்ட்டை மாட்டச் சொன்னார்கள், மாட்டினாள். கழற்றச் சொன்னார்கள், கழற்றினாள். வெளியே மழை.

மத்தியான வியாபாரம் முடிந்து ராத்திரி வியாபாரம் தொடங்காத இடைவேளை அது. ஓட்டலுக்குப் பின்னால் மாடியில் இருந்த அறைக் கதவை அவள் தட்டினாள். அடைக்கலம்தான் திறந்தார். தலை முன்பக்கம் வழித்து எடுத்தது போல ஆகியிருந்தது, கையில் எண்ணெய் தெறித்த பழைய வடுக்கள், பனியனுக்கு மேலே ஒரு துண்டு. அவளைப் பார்த்ததும் திருட்டுப் பொருளோடு பிடிபட்டவர் மாதிரி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“உக்காரு” என்றார்.

ஒரே ஒரு நாற்காலி இருந்தது. உட்கார்ந்துகொண்டு தமயந்தி அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். ஒரு கட்டில், ஒரு தலையணை, ஒரு தட்டு, ஒரு டம்ளர், குவளையில் ஒரு பிரஷ். சுவரில் புதுக்கோட்டை நகைக்கடை காலண்டர், இலக்கியா பல் விழுந்த வாயோடு சிரிக்கும் படம். கைகழுவப் போகிறவள் போலப் போய்க் குளியலறையையும் பார்த்தாள். சீப்பில் நீள முடி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கூடப் பார்த்தாள். இல்லை. பெருமூச்சு வந்தது, அது நிம்மதிப் பெருமூச்சு இல்லை, ஏமாற்றம் என்று அறிந்தபோது, சீப்பும் கையுமாக அப்படியே நின்றாள். ஒருத்தி இருந்திருந்தால் அவள்மேல் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டுத் தெருவில் தலை நிமிர்ந்து அழுதிருக்கலாம். தன் புருஷனுக்கு ஒரு கள்ளத் தொடுப்பு இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டு வந்திருக்கிறேனே, நான் எப்பேர்ப்பட்டவள் என்று அவளுக்குத் தன்னைக் காணவே கூசியது.

வெளியே வந்து உட்கார்ந்தாள். “யாரும் இல்லியா?”

“யாரு?”

“யாராச்சும்.”

“யாரும் இல்ல தமயந்தி.”

பேச்சு அறுந்து கிடப்பதைத் தாங்காமல், எதையாவது பேச வேண்டும் என்பதற்காக அடைக்கலம் கேட்டார். “என் குல்லா வந்து சேந்துச்சா?”

“எந்தக் குல்லா?”

“பச்சைக் கம்பளி. ராவுத்தர் கடை பெஞ்சில வச்சுட்டு வந்துட்டேன். போன் பண்ணிச் சொன்னேன், வீட்டுல குடுத்துவிடறேன்னாரு.”

தமயந்தி அவரையே பார்த்தாள். பரிமளா சொன்ன மெலிவு அவர் கழுத்தில் இருந்தது. சிங்காரம் சொன்ன கம்மென்ற வாய் அவர் முகத்தில் இருந்தது. ஊர் பொய் சொல்லவில்லை. ஊரில் பொய் சொன்னது அவள் ஒருத்திதான், அதுவும் மெய்யாகத்தான் இருந்திருக்கிறது.

“எத்தன தடவ வந்தீங்க?”

“எண்ணல.”

“வந்துட்டு, வீட்டுக்கு வரல.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “டீக்கடை வரைக்கும் காலு வருது. அங்கேருந்து வாசல் தெரியுது. நீ துணி காயப்போடறது தெரியுது. அதுக்கு மேல வரல. வந்து என்ன பேசறது? போன்ல சாப்ட்டியா, ஒடம்பு எப்படி, பாப்பா படிக்குதா. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும். அதக் கேட்டுட்டா போன வச்சிரலாம். வீட்டுக்கு வந்துட்டா எங்க வைக்கறது? அதுக்கப்புறம் ஒரு ராத்திரி பூரா இருக்கே.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “தூரமா இருந்த வரைக்கும் நான் நல்ல புருஷன். எல்லாரும் சொன்னாங்க, நீயும் சொன்ன. வந்து உக்காந்தா, இவன்தானா அதுன்னு உங்களுக்கு ஆயிருமோன்னு பயந்துட்டேன். ஒரு நாள் வரலன்னா மறுநாள் வர வெக்கமா இருக்கு. மறுநாளும் வரலன்னா அதவிட வெக்கமா இருக்கு. அது அப்படியே ஏறிப் போச்சு.”

திட்ட வேண்டும் என்று தமயந்தி வாயைத் திறந்தாள். ஆனால் முதல் நாள் சாயங்காலம், கருவாட்டுக் குழம்பை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தபோது, இன்னிக்கு வரல என்று அவர் சொன்னதும் தனக்குள் என்ன ஓடியது என்பது ஞாபகம் வந்தது. அப்பாடா என்று ஓடியது. ஒரு மூச்சு நேரம்தான். கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பது, எழுந்ததும் என்ன கேட்பார், தெரியாத ஒரு ஆணுக்கு முன்னால் எப்படிச் சேலையை அவிழ்ப்பது என்றெல்லாம் பகல் முழுக்கப் பயந்துகொண்டிருந்தது அடங்கி, டிவியைப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாளே. வருத்தம் அதற்கப்புறம்தான் வந்தது. இத்தனை நாளும் அதை அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

“எனக்குந்தாங்க” என்றாள். “நீங்க வரலன்னதும் எனக்கும் மொதல்ல நிம்மதியாத்தான் இருந்துச்சு.”

அடைக்கலம் சட்டையை எடுத்துப் போட்டார். கீழே போய் முதலாளியிடம் ராத்திரிக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார். “வா, போவோம்” என்றார். “பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வர்றதுக்குள்ள போயிரலாம்.”

விமானத்தில் நிறையப் பேர் ஊர்க்காரர்கள். வேலை முடிந்து போகிறவர்கள், சாப்பாடு கொடுத்துவிட்டுத் திரும்புகிற பெண்கள், நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு மருமகனைப் பார்க்க வந்த ஒரு அம்மாள். பெல்ட்டை மாட்டச் சொன்னார்கள். எல்லோரும் மாட்டிக்கொண்டு, கழற்றச் சொல்வதற்காகக் கொக்கியில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே மேகம் வந்தது, மேகம் போனது, அதற்குக் கீழே, ஒரு வருஷமாக யாரும் பார்த்திராத கடல் நீலமாகக் கிடந்தது. விமானி பேசினார். மன்னிக்க வேண்டும், தூரம் திரும்பி வந்துவிட்டது போலிருக்கிறது, வழியில் சிங்கப்பூரில் இறங்கித்தான் போக வேண்டும், நாளைக் காலையில்தான் திருச்சி என்றார்.

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு நைட்டி அம்மாள் வாய்விட்டு அழுதாள், அவளைப் பார்த்துப் பின் வரிசை அழுதது, ஆண்கள் முன் இருக்கையில் நெற்றியை முட்டிக்கொண்டார்கள். இனி மொச்சைக்கொட்டைக் குழம்பு இல்லை, பகல் தூக்கம் இல்லை, இனி சாவுக்கும் கல்யாணத்துக்கும் போனில்தான் என்று ஆளுக்கொன்றாகச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். அழுது ஓய்ந்து பசி எடுத்ததும் மிச்சம் இருந்த பாத்திரங்களைத் திறந்து, ரசத்தை மூடியில் ஊற்றி ஊற்றி வரிசையாகக் கைமாற்றிக் குடித்தார்கள்.

தமயந்தியும் அடைக்கலமும் அசையாமல் இருந்தார்கள். நெடுநேரம் கழித்து அடைக்கலம் கேட்டார். “அந்த மரப் பீரோ இன்னும் கூடத்துலதான் இருக்கா?”

“அத வித்துட்டேங்க. கரையான்.”

“என்னக் கேக்காமயா?”

“உங்களக் கேட்டு? நீங்க சாப்ட்டியான்னுதான கேப்பீங்க?”

“அது எங்கப்பாரு செஞ்சது தமயந்தி!”

“கரையானும் உங்கப்பாரு செஞ்சதுன்னு வச்சுக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?”

முன் வரிசையில் அழுதுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், ஆனால் நிறுத்தவில்லை. பீரோவிலிருந்து அடைக்கலத்தின் தங்கை கல்யாணத்துக்குப் போனார்கள், அதிலிருந்து தமயந்திக்குக் கர்ப்பப்பை எடுத்ததை அவரிடம் காய்ச்சல் என்று சொன்னதுக்குப் போனார்கள், அதிலிருந்து ஓட்டலில் ஒரு தீபாவளியன்று அடைக்கலம் எண்ணெய்ச் சட்டியைக் காலில் கொட்டிக்கொண்டு அதை யாரிடமும் சொல்லாததுக்குப் போனார்கள். எங்கே, காட்டுங்க என்றாள் அவள். பேண்ட்டைத் தூக்கிக் காட்டினார். ஊரே உள்ளங்கையில் வைத்திருந்ததைத் தொலைத்துவிட்டு அழுகிற இடத்தில், தூரம் இன்னும் கொஞ்சம் நீளாதா என்று தனக்கு இருந்ததை நினைத்து, தமயந்தி முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். பக்கத்தில் பார்த்தாள். அவரும் அதே குற்றவாளி முகத்தோடுதான் இருந்தார்.

சிங்கப்பூர் தாண்டிய பிறகுதான் அதைச் சொன்னார். “ஒரு நா நான் டீக்கடையத் தாண்டிட்டேன். தெரு பாதி வரைக்கும் வந்துட்டேன். பாப்பா எதிர்ல சைக்கிள்ள வந்துச்சு. நின்னு, யாரு வேணும்னு கேட்டுச்சு.”

தமயந்தி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போகணும்னு கேட்டேன். நேராப் போய் வலது பக்கம் திரும்புங்கன்னு மரியாதையாச் சொல்லுச்சு. தேங்க்ஸ்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.” அவர் பெல்ட்டின் கொக்கியைத் திருகினார். “பெத்த பொண்ணுகிட்ட வழி கேட்டுட்டு வந்தவன் நான்.”

பொழுது விடிந்து வெயில் வந்தபின் திருச்சியில் இறங்கினார்கள். செய்தி தெரிந்து முந்தின நாளே கிளம்பி வந்த மாத்திராம்பட்டி மொத்தமும் வெளிவாசலில் நின்றது. வந்தவர்களைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர்களை நினைத்து அழுதார்கள். பரிமளா அங்கே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். தனசேகர் முந்தாநாள் ராத்திரிதான் செருப்பைக் கழுவிக்கொண்டு போயிருந்தார். “உப்பு இல்லன்னு சொன்னாருன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டேன்டி” என்று அவள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

இலக்கியா ஒரு தூண் ஓரமாக நின்றிருந்தாள். பள்ளிச் சீருடையோடேயே வந்திருந்தாள். அடைக்கலம் அவளுக்கு முன்னால் போய் நின்றார். என்ன சொல்வது என்று தெரியாமல், “பாப்பா, நான்” என்று தொடங்கினார்.

“தெரியும்ப்பா. அன்னிக்கே தெரியும்.”

அவர் நிமிரவில்லை.

“நீங்க வழி கேட்டீங்க. நான் சொல்லிட்டேன்.” அவள் உதடு கோணியது. “அப்பான்னு கூப்புட்டுருக்கணும். எனக்கு வெக்கமா இருந்துச்சு. பக்கத்துல பிரெண்ட்ஸ் இருந்தாங்க. எங்கப்பா எங்க வீட்டுக்கு வழி தெரியாம நிக்கறாருன்னு அவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு நெனச்சேன். நீங்க திரும்பிப் பாப்பீங்கன்னு அங்கயே நின்னேம்ப்பா. நீங்க பாக்கல.”

அடைக்கலம் குந்தி உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கக் குலுங்க அழுதார். இலக்கியா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள், தமயந்தி இரண்டு பேருக்கும் நடுவில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுற்றிலும் ஊரே தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்ததால், இந்த மூன்று பேரை மட்டும் யாரும் தனியாகப் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் தூரத்துக்காக அழுகிறார்கள் என்றே எண்ணிக்கொண்டார்கள்.

தூரம் பிறகு போகவே இல்லை. ஊர் அதையும் எடுத்துக்கொண்டது. ஒலிபெருக்கி மத்தியானத்தில் பாடத் தொடங்கியது, காய்கறி வண்டிக்காரருக்கு மட்டும் கூவும் குரல் திரும்பி வரக் கொஞ்ச நாள் ஆனது. அடைக்கலம் பொங்கல் வரைக்கும் இருந்தார். இருந்த நாளில் பாதி நாள் தமயந்திக்கும் அவருக்கும் ஆகவில்லை. சமையல்கட்டில் அவர் நுழைந்தால் அவளுக்குப் பிடிக்கவில்லை, டிவி சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை, இலக்கியாவின் மேல்படிப்பைப் பற்றி மூன்று பேரும் மூன்று விதமாகக் கத்தினார்கள். பொங்கல் முடிந்து, ஒரு பகலும் ஓர் இரவும் பயணம் செய்து, அவர் ஆக்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

அதற்கு அடுத்த வாரத்தில் ஒரு சாயங்காலம், தமயந்தி வீட்டிலிருந்து தெருவரைக்கும் கேட்கும்படி சத்தம் வந்தது. போன் பேச்சுத்தான், ஆனால் முடிகிற வழியாக இல்லை. அந்தப் படிப்பு வேண்டாம்னு நீங்க எப்படிச் சொல்லுவீங்க, அவ என்ன சொன்னான்னு கேட்டீங்களா, இல்ல நீங்க இருங்க, நான் சொல்லி முடிச்சுக்கறேன் என்று அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. பரிமளா பதறிப்போய் வாசலில் வந்து நின்றாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு தமயந்தி வெளியே எட்டிப் பார்த்தாள்.

“என்னடி, சண்டையா?” என்று பரிமளா மெதுவாகக் கேட்டாள்.

தெருவில் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தமயந்தி கதவைச் சாத்தவில்லை.

“ஆமாக்கா” என்றாள். “முடிய நேரமாகும். நீங்க போய்ச் சாப்புடுங்க.”